பெயர் இல்லாத பட்டறைகள்

நவீன மரச்சாமான்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வியன்னாவையும் கோபன்ஹேகனையும் தவறாமல் சொல்வார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் யாரும் திரும்புவதில்லை. ஆனால் அந்த வரலாற்றின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று திண்டிவனத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில், புதுச்சேரியில் நிகழ்ந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக்கு ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமின் நன்கொடை கிடைத்தது. வைரச் சுரங்கத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரே கட்டடத்துக்கும் வந்தது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். வேலையை முன்னின்று நடத்த 1937இல் வந்தவர் அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். வந்த இடத்தில் அரவிந்தரின் சீடராகி, சம்பளத்தை விட்டு, சுந்தரானந்தா என்ற பெயரையும் பெற்றார். அறைகளுக்கான கட்டில், மேசை, நாற்காலிகளை வரைந்தவர் அவர்தான். பின்னாளில் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை வைத்து உலகப்புகழ் பெற்ற அந்த மரக்கலைஞரின் முதல் மரச்சாமான்களாக இவற்றையே கருதுகிறார்கள். கதவு, ஜன்னல்களுக்கான பித்தளைப் பொருத்துகளைக்கூடக் கடையில் வாங்கவில்லை. பழைய பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். கட்டடக்கலை நூல்களில் ரேமண்ட், நகாஷிமா, செக் நாட்டவரான பிரான்டிசெக் சாமர் ஆகிய மூவரின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இழைப்புளி பிடித்த தச்சர்களோ ‘உள்ளூர் ஆட்கள்’ என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

இதை நன்றி மறந்த கதையாகச் சொல்லிப் புலம்புவதில் பயனில்லை. விஷயம் பணம் சம்பந்தப்பட்டது. வீட்டுப் பொருள் ஒன்றைப் புகழ்பெற்ற வடிவமாக ஆக்குவதில் அழகுக்கும் உழைப்புக்கும் இருக்கிற பங்கைவிட, யார் எப்போது யாருக்காகச் செய்தார் என்ற பதிவுக்கு இருக்கிற பங்கு பெரிது என்பது என் வாதம். இதற்குச் சண்டிகரைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1950களில் அந்த நகரத்தின் அலுவலகங்களுக்காகப் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகளை நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் அதிசயமாக எதுவும் தெரியாது. இருபுறமும் தலைகீழாகக் கவிழ்ந்த ‘வி’ போன்ற கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை, பிரம்பு பின்னிய முதுகு, அவ்வளவுதான். கால் உடைந்தவையும் பிரம்பு அறுந்தவையும் மொட்டை மாடிகளிலும் வராந்தாக்களிலும் குவிந்து, கழிவுச் சாமானாக ஏலத்துக்குப் போயின. ஐரோப்பிய வியாபாரிகள் அவற்றை வாங்கி, செப்பனிட்டு, ஜான்னரேயின் பெயரோடு விற்கத் தொடங்கியதும் விலை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறியது. விழித்துக்கொண்ட மத்திய அரசு 2011இல் அந்தப் பொருட்களை விற்கக் கூடாதென உத்தரவிட்டது. 2019இல் இத்தாலியின் கசினா நிறுவனம் அவற்றைப் புதிதாகவே செய்து விற்க ஆரம்பித்தது. கழிவாகக் கிடந்தபோதும் ஏலமேடை ஏறியபோதும், செப்பனிட்டது போக, மரமும் கழுந்தும் மாறவில்லை. கூடச் சேர்ந்தவை ஒரு பெயர், ஒரு வருடம், ஒரு வரைபடம்.

சிந்தித்தவர் வடிவமைப்பாளர், தச்சர் வரைபடத்தைப் பார்த்துச் செய்தவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார் என்று சிலர் சொல்லக்கூடும். பாதி சரிதான். ஆனால் சண்டிகர் நாற்காலிகளை ஒரே தொழிற்சாலை அச்சில் வார்க்கவில்லை; பல பட்டறைகள் செய்தன. காலின் பருமனும் கைப்பிடியின் சரிவும் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும், இன்றைய சேகரிப்பாளர் அந்த வேறுபாட்டைத்தான் குனிந்து தேடுகிறார். பிரம்புப் பின்னலையும் சும்மா நினைக்கக் கூடாது. நெடுக்கே இரண்டு வரிசை, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு சுற்று இழைத்தால்தான் அந்த எண்கோணக் கண்கள் விழும். ஏதாவது ஒரு வரிசை தளர்ந்தாலும் உட்கார்ந்த சில மாதத்தில் இருக்கை குழிந்துவிடும். நம் அரசு அலுவலகங்களில் இந்த வேலை நெடுங்காலமாகப் பார்வையற்றோருக்கு ஒதுக்கப்பட்ட பணியாக இருந்தது. விரல்நுனியிலேயே இழுவிசையை அளந்த அவர்களின் திறமை எந்த வடிவமைப்பு நூலிலும் ஏறவில்லை. வரைபடம் கால்வாசியைச் சொல்கிறது, மீதியைப் பட்டறைதான் முடிவு செய்கிறது.

மண் வேலையிலும் இதே கதை, இன்னும் கூர்மையாக. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் இன்று இந்தியா முழுக்கப் பெயர்பெற்ற கலைஞர்கள். கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். விழுப்புரம் மாவட்டக் கிராமங்களின் அய்யனார் கோவில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகளில் அப்படி எதுவும் கிடையாது. இங்கேதான் கனமான மறுப்பு வருகிறது: பெயர் பொறிக்காதது நம் மரபு, குதிரை நேர்த்திக்கடன், அதில் குயவர் கையெழுத்துப் போடுவது அசிங்கம் என்பார்கள். கோவிலில் நிற்கும் குதிரையைப் பொறுத்தவரை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே குதிரை இன்று விடுதி வரவேற்பறையிலும் பணக்கார வீட்டுக் கூடத்திலும் அலங்காரமாக நிற்கிறது. அங்கே அதை வைத்தது நேர்த்திக்கடன் அல்ல, விலை. விற்கும்போது சந்தை வழக்கம், பெயர் கேட்டால் மட்டும் மரபு என்று இரண்டு நியாயம் பேசுவதில் லாபம் இடைத்தரகருக்கே. விழுப்புரத்தில் காகிதக் கூழை அச்சில் அழுத்திக் காயவைத்து வண்ணம் தீட்டப்படும் கொலுப் பொம்மைகளின் நிலைமையும் வேறல்ல.

2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான், ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர். வாகைக் கட்டையில் உளியும் கொட்டாப்புளியும் வைத்து மாதக்கணக்கில் கதவு செதுக்கியவர் குறியீட்டுக்குப் பிறகும் ‘கள்ளக்குறிச்சிக்காரர்’தான். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் தனிநபருக்கு இடம் தருகிறது. பதிவு செய்த புது வடிவத்துக்குப் பத்தாண்டு உரிமை, மேலும் ஐந்தாண்டு நீட்டிப்பு. வடிவம் புதிதாக இருக்க வேண்டும் என்பதால் பரம்பரை யாளிக்கும் அன்னத்துக்கும் அது உதவாது. அப்படியானால் பட்டறைக்காரர் புதியதைச் செய்யட்டுமே என்று நகரத்து ஆலோசகர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். புதியதை அவர்கள் செய்யாமல் இல்லை. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் இருக்கிறது; 1968 முதல் சுற்றுக் கிராமத்து ஆட்கள் அங்கே எத்தனையோ புதிய வடிவங்களைச் செய்துவிட்டார்கள். (இன்று இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்த உண்மையான நவீன வடிவம் எதுவென்றால், கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. அதை வடிவமைத்தவர் பெயரும் உட்காருகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் தயாரித்த கம்பெனியின் பெயர் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது.)

கையெழுத்துப் போடுவது கர்வம் என்று நினைப்பவர்களுக்கு நகாஷிமாவே நல்ல பதில். வாழ்நாளின் பெரும்பகுதி அவர் தன் மேசை, நாற்காலிகளில் கையொப்பமிடவில்லை. ஆர்டர் கொடுத்தவரின் பெயரைத்தான் அடிப்பக்கம் எழுதி வைப்பது வழக்கம்; கூடவே ஆர்டர் விவரமும் வரைபடமும் பட்டறையில் தங்கின. இன்றைய ஏலக்காரர்கள் அசல் எது, போலி எது என்று பிரிப்பது பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான். இப்படிப் பதிந்து வைக்க வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும்தான். சட்டத்திலும் வழி இருக்கிறது: புவிசார் குறியீட்டுப் பதிவேட்டின் ‘அ’ பகுதியில் பொருளின் பெயரும் ஊரின் பெயரும் ஏறும், ‘ஆ’ பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள் தனித்தனியே பெயரோடு ஏறலாம். கள்ளக்குறிச்சிப் பட்டறைக்காரர் ஒவ்வொருவரையும் அந்த இரண்டாம் பகுதியில் ஏற்றுவதும், விற்கிற ஒவ்வொரு கதவின் ரசீதிலும் அந்தப் பெயரும் வருடமும் மரத்தின் வகையும் வரும்படி செய்வதும் கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தரால் முடிகிற காரியம்.