அரியமங்கலத்தில் ஒரு போடு

ஸ்பானிய மொழி படிக்கிறவர்களைத் தொடக்கத்திலேயே மிரட்டும் வினைச்சொல் 'எச்சார்'. வீசுதல் என்று பொருள்படும் லத்தீன் 'யாக்தாரே'யின் வாரிசு. அகராதியில் 'எறி' என்று தொடங்கி எங்கெங்கோ போகும். குழம்பில் உப்பை எச்சார் செய்வார்கள். வண்டிக்குப் பெட்ரோலை, கதவுக்குப் பூட்டை, தபாலில் கடிதத்தை, மத்தியானத்தில் ஒரு தூக்கத்தை, அடுத்தவன் தலையில் பழியை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டும். திருச்சிக்காரருக்கு அந்தப் பாடு இல்லை. உப்புப் போடு, பெட்ரோல் போடு, பூட்டுப் போடு, தபாலில் போடு, ஒரு தூக்கம் போடு, பழியைப் போடு. கணக்குகூட இரண்டு மொழியிலும் போடுவதுதான்.

'போடு' என்ற இந்த வினையின் நேர்ப்பொருளைப் பார்க்க அரியமங்கலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. திருச்சி மாநகரத்தின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட கிடங்கு இங்கேதான் இருக்கிறது, சுமார் 47 ஏக்கரில். கை விடுகிறது, பொருள் விழுகிறது, போட்டவர் திரும்பிப் பார்ப்பதில்லை. மற்றப் பொருள்களெல்லாம் இந்த மூன்றிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் கட்சி. டீ போடும்போது யாரும் எதையும் எறிவதில்லை. ஆனால் மாஸ்டர் தூக்கி ஆற்றுகிற வீச்சும், கிளாஸை டக்கென்று பலகையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிற வேகமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. "அண்ணே, ரெண்டு டீ போடுங்க, ஒண்ணுல சக்கரை கம்மி." "இந்தா, போட்டாச்சு தம்பி." இந்த இடத்தில் 'தயாரியுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், டீ ஆறிவிடும்.

தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை கேட்டு நடந்த நெடும் போராட்டத்தை இந்த ஒரே வினையை வைத்துச் சொல்லி முடித்துவிடலாம். சர்வீஸ் ரோடு போடச் சொல்லி மக்கள் மனுப் போட்டார்கள், கோஷம் போட்டார்கள், கேஸ் போட்டார்கள். ரோடு போட்டால் கடை போய்விடும், பாலமாகப் போடுங்கள் என்று வியாபாரிகள் முட்டுக்கட்டை போட்டார்கள். திட்டம் போட்டவர்கள் அதைக் கிடப்பில் போட்டார்கள். ரசிகனாக என் ஓட்டைக் 'கிடப்பில் போடு'வுக்குப் போடுவேன். கோப்பு மேசைமேல் பத்திரமாகத்தான் இருக்கும், நாடா கட்டி, எண் எழுதி. ஆனாலும் அதை எறிந்தாயிற்று என்று சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் இதே வினையைச் செருப்போடு வெளியே கழற்றி விட்டுவிட வேண்டும். பெருமாளுக்கு மாலை சாத்துவார்கள். போட்டால் காது கூசும். நெற்றியில் திருமண் இட்டுக்கொள்வார்கள். ஆனால் காந்தி மார்க்கெட்டில் ஒருவர் "எனக்கு நாமம் போட்டுட்டான்" என்றால், கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான் என்று அர்த்தம். கைவிட்டு நகர்கிற அலட்சியம் சொல்லின் அடியில் இருப்பதால்தான் சந்நிதிக்கு அது ஆகாது, ஏமாற்றுக்கு அத்தனை கச்சிதமாக ஆகும். ஐயப்ப பக்தர் மட்டும் விலக்கு. கார்த்திகையில் "மாலை போட்டிருக்கேன்" என்று அவர் சொன்னால், கழுத்திலுள்ள மணிமாலையோடு விரதமும் வெறுங்காலும் புரிந்துவிடுகின்றன. எதிரில் இருப்பவரும் உடனே "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

துணைவினையாக வரும்போது இன்னும் நுட்பம். 'உடைச்சுட்டான்' என்பது செய்தி. 'உடைச்சுப் போட்டான்' என்பது கோபம். யாழ்ப்பாணத்தார் 'சாப்பிட்டுப்போட்டு வாறன்' என்கிறபோதோ அந்தக் கோபம் முழுக்கத் தணிந்து, முடித்துவிட்டு என்ற பொருள் மட்டும் மிஞ்சுகிறது.

எச்சாரோடு நம் வினை ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. அவர்கள் செடி வேரை எச்சார் செய்யும். நம் செடி வேர் விடும். ஒருவர் இல்லாத குறையை நினைத்து ஏங்குவதை அவர்கள் 'எச்சார் தே மேனோஸ்' என்பார்கள். தமிழில் யாரும் ஏக்கம் போடுவதில்லை. எறிவதற்கும் ஏங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். மொழிநூலார் கணக்குப்படி, குறைவதாகக் காண்பதைச் சொல்லும் போர்ச்சுகீசிய 'அஷார் மேனோஸ்' எல்லை தாண்டி வந்தபோது, ஒலி ஒற்றுமையால் எச்சாரின் வேஷத்தைப் போட்டுக்கொண்டது.