வெட்டுக்கிளியும் அறுப்புக்காரரும்

வான்கோ குருவாக வரித்துக்கொண்டது மில்லேயை. விதைக்கிறவனையும் கதிர் பொறுக்கும் பெண்களையும் தீட்டியவர் மில்லே. விவசாயி வீட்டுப் பிள்ளை. ஆனாலும் பெரும்பாலும் ஞாபகத்திலிருந்து, அறைக்குள்தான் தீட்டினார். வான்கோவோ எண்ணெய் வண்ணத்தைத் தூக்கிக்கிட்டு வயலுக்கே போனார். காத்து, தூசி, பூச்சி எல்லாம் ஈர வண்ணத்தில் ஒட்டும். 1889 இல் தீட்டிய ‘ஒலிவ மரங்கள்’ படத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி கிடந்தது 2017 இல்தான் கன்சாஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் தெரியவந்தது. இந்த வெட்டுக்கிளிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனா அதே 1889 இல், செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபடி தீட்டிய கோதுமை அறுப்புக்காரரைச் சாவின் உருவம் என்று தம்பிக்கு எழுதினார். இங்கதான் எனக்கு இடிக்குது. எங்கம்மா அடுத்தவன் வயலில் குனிஞ்சு அறுத்தவள். அவள் கையில் அரிவாள் இருந்த நாளில்தான் எங்க வீட்டில் உலை கொதிச்சது. அந்தக் கூலிநெல்லு அந்தப் படத்தில் எங்கேயும் இல்ல.