வாடகைச் சரிகையும் வீட்டுப் பழந்துணியும்

நமது நாடக விமர்சனங்களில் பெரும்பகுதி பிரதியைப் பற்றியது. மிகுதி நடிப்பைப் பற்றியது. உடுப்பைப் பற்றி ஒரு வரி வந்தால் 'ஆடை அணிகள் கண்ணைக் கவர்ந்தன' என்பதோடு முடிந்துவிடும். இலங்கைத்துறை முகத்துவாரத்திலிருந்து புல்மோட்டை வரை நீளும் திருகோணமலைக் கரையில் நமது வரலாறு மேடையேறும்போது, கண்ணைக் கவரும் அந்த உடுப்பே வரலாற்றைப் பொய்யாக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

தமிழ்மொழித் தினப் போட்டியாயினும் மீலாத் விழாவாயினும், சரித்திர காலத்து முஸ்லிம் என்றால் வாடகைக்கு எடுத்த வெல்வெட் அங்கியும் சரிகைத் தலைப்பாகையும்தான். இந்தப் பாதுஷா எங்கிருந்து வந்தார்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயின் பார்சி நாடகக் கம்பனிகள் தென்னிந்தியாவுக்கும் கொழும்புக்கும் கொண்டுவந்த பகட்டு இது. தமிழ்நாட்டுக் கம்பனி நாடகங்கள் அதைப் பேணி வளர்த்தன. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேடமிட்டுப் புகழ்பெற்ற ராஜமாணிக்கத்துக்கு 'நவாப்' என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. வேடத்தின் வலிமை அத்தகையது. நாமோ நம்மைப் பற்றிப் பேசும்போதும் அந்த இரவல் நவாபையே உடுத்திக்கொள்கிறோம்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒட்டுப்போட்ட ஆடையுடன் ஜெரூஸலம் சென்றதாக வரலாற்றில் படிக்கிறோம். கலீபாக்களை மேடையில் காட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் அவர் காலத்துப் படைவீரனை ஜிகினாவில் மினுங்கவிடுவதற்கு நாம் கூசுவதில்லை. ஒட்டுப்போட்ட ஆடையை மேன்மையின் அடையாளமாகச் சொல்லி வளர்ந்த சமூகத்துக்கு இது முரண்பாடாகத் தோன்றவில்லையா?

நமது அண்மைய சரித்திரத்தைப் பார்ப்போம். 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர்நீதிமன்றில் தோன்ற அனுமதி மறுக்கப்பட்டது. இலங்கை முஸ்லிம்கள் திரண்டெழுந்தனர். ஒரு தொப்பிதான் அங்கே பிரச்சினை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அந்த நாளை நாடகமாக்குபவருக்குச் சாரனும் பனியனும் காக்கிச் சட்டையும் வேண்டும். வெல்வெட்டால் அங்கே ஆவது ஒன்றுமில்லை.

இவை பழந்துணியில் ஆகக்கூடியவை. பழைய உடுப்புக் குவியலில் கிடைக்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டின் தோள்பஞ்சை எடுத்து, கழுத்துப்பட்டியைத் திருத்தினால் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தரணி வந்துவிடுவார். சிவப்புக் கம்பளத் துண்டு ஒன்றும் கறுப்பு நூற்குஞ்சமும் தொப்பிக்குப் போதும். சிப்பையும் பிளாஸ்டிக் பொத்தானையும் கழற்றிச் சிரட்டைப் பொத்தான் வைக்கலாம். வெள்ளைப் பருத்தியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் பழுப்பேறும். பொலியெஸ்டர் மேடை வெளிச்சத்தில் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வெளிச்சத்தை உள்வாங்கும். முழங்கையில் தேய்ந்த இடம், மடிப்பில் வெளுத்த கோடு, இவற்றை எந்தத் தையற்காரரும் புதுத்துணியில் இலகுவில் உண்டாக்க முடியாது.

போலந்தின் குரோட்டோவ்ஸ்கி 1962இல் 'அக்ரோபோலிஸ்' நாடகத்தை வதைமுகாமில் நிகழ்வதாக அமைத்தபோது நடிகர்களுக்குக் கிழிந்த சாக்குகளே உடையாயின. அவற்றை வடிவமைத்த ஷைனா தாமே அவுஷ்விட்ஸ் முகாமில் கிடந்து மீண்டவர். அங்கே சாக்கைத் தேர்ந்தது சிக்கனமல்ல, அனுபவம்.

நம்மவர் பழந்துணியை வெறுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. 2004 டிசம்பர் 26இன் பின் நிவாரணமாக வந்த பழைய உடுப்பு மூட்டைகளைக் கண்ட கரை இது. தமிழ்நாட்டுக் கரையிலும் எவருக்கும் பயன்படாத துணிகள் குவிந்து கிடந்தன. பிறர் கழித்ததை வாங்கி உடுத்த மனது, மேடையிலாவது சரிகையைக் கேட்பது இயல்பே. ஆனால் அந்த மூட்டை நம்மைக் கேட்காமல் வந்தது; அதில் நமக்குத் தெரிவு இருக்கவில்லை. நடிகர் துணியைத் தானே தெரிந்து, வெட்டி, தைத்து, ஒரு காலத்துக்கு உரியதாக்குகிறார். தெரிவு கைமாறும்போது இழிவும் நீங்குகிறது.

பழசு எல்லாம் உண்மையாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 1980களின் கோட்டை 1905க்கு அப்படியே மாட்டினால் அதுவும் பொய்தான். பழைய நிழற்படங்களைப் பார்க்க வேண்டும். வாப்பாவின், உம்மாவின் பெட்டிகளைத் திறந்து கேட்க வேண்டும். சாரனை எப்படி உடுத்தார்கள், முக்காட்டை எங்கே செருகினார்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள்.

2006 ஆகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்குப் பெயர்ந்தார்கள். அதுவும் இப்போது சரித்திரமாகிவிட்டது. என்றாவது ஒருவர் அதை நாடகமாக எழுதுவார். அந்த உடுப்பை எந்த வாடகைக் கடையும் வைத்திருப்பதில்லை. அது எவர் வீட்டிலாவது மடித்து வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அடுப்படித் துணியாகியிருக்கலாம். நாடகக்காரர் இப்போதே அதைத் தேடத் தொடங்கட்டும். விமர்சகரும் இனி உடுப்பை ஒற்றை வரியில் கடந்துபோகாதிருக்கட்டும்.