விளையாட்டு உடையை வீட்டில் தைப்பது: லாபம் எதில்?

லெக்கிங்ஸ், ஷார்ட்ஸ், ஸ்போர்ட்ஸ் பிரா எல்லாவற்றையும் ஒரு பேட்டர்ன் வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். காசு மிச்சமாகும், உடம்புக்குச் சரியாகப் பொருந்தும், கடையில் கிடைக்காததும் கிடைக்கும். மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல. தனித்தனியே சோதித்துப் பார்த்தால்தான் எதைத் தைக்கலாம், எதை வாங்கிவிடலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

காசு மிச்சமாகும் என்ற வாதம்தான் மிகவும் பலவீனமானது. திருப்பூரில் ஒரு லெக்கிங்ஸ் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். துணியை அடுக்கடுக்காக விரித்து மொத்தமாக வெட்டுகிறார்கள். கட்டிங் மாஸ்டர் துண்டுகளை நெருக்கி வைத்துச் சேதாரத்தைக் குறைக்கிறார். ஓவர்லாக் ஒருவர், பேட்லாக் ஒருவர், எலாஸ்டிக் ஒருவர் என்று வேலை பிரிந்து ஓடுகிறது. வீட்டில் தைப்பவரோ ஒன்றேகால் மீட்டர் துணியைச் சில்லறை விலைக்கு வாங்கி, இரண்டு கால்களை வெட்டி, மிச்சத்தை ஒதுக்கி வைக்கிறார். பேட்டர்ன், ஊசி, எலாஸ்டிக், உழைப்பு எல்லாம் அதற்கு மேல். சாதாரண லெக்கிங்ஸ் விலையில் தொழிற்சாலையை வெல்ல வழியில்லை. பெரிய பிராண்டின் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் தெரியும்தான். ஆனால் அதே தரத்தில் துணி கிடைத்தால்தான் அந்த ஒப்பீடே நியாயம்.

பொருத்தம் என்ற வாதம் வலுவானது. கடை அளவுகள் ஒரு நடு அளவை வைத்து, அதிலிருந்து படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் செய்யப்படுபவை. இடை பெருத்தால் இடுப்பும் தொடையும் அதே கணக்கில் பெருக்கும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. பலரின் உடல் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. நல்ல பேட்டர்னில் எல்லா அளவுக் கோடுகளும் ஒரே தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். இடையில் மீடியம் கோட்டில் தொடங்கி, இடுப்புக்கு வரும்போது எக்ஸ்எல் கோட்டுக்கு வளைத்து வெட்டிக்கொள்ளலாம். குனிந்தால் பின்பக்கம் கீழே இறங்கும் லெக்கிங்ஸுக்கும் இதே போன்ற தீர்வு உண்டு. பின் துண்டின் மேல் விளிம்பை நடுவில் 2 செ.மீ. உயர்த்தி, பக்கத் தையல் வரை சரித்துக் கொண்டுபோனால் போதும். வாங்கிய உடையில் பிறகு சேர்க்க முடியாத 2 செ.மீ. அது.

ஆனால் இந்தப் பொருத்தம் பேட்டர்ன் வாங்கியதும் தானாக வந்துவிடாது. விளையாட்டு உடை உடலைவிடச் சிறியதாக வரையப்படுவது. இடுப்பு 100 செ.மீ. உள்ளவருக்கு லெக்கிங்ஸ் 85 செ.மீ. மட்டுமே இருக்கலாம். அணிந்ததும் துணி ஏறத்தாழ 18 விழுக்காடு இழுபட்டு உடலைக் கவ்வும். உட்கார்ந்து எழும்போது இன்னும் அதிகம். எனவே எவ்வளவு இழுபடும் துணிக்கு வரைந்தது என்று சொல்லாத பேட்டர்னை நான் ஏற்கமாட்டேன். அதன் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

துணியைக் கடையிலேயே சோதிக்கலாம். அகலவாக்கில் 10 செ.மீ. தூரத்தை இரு கைகளாலும் பிடித்து, அளவுகோலின் மேல் வைத்து இழுங்கள். சிரமமில்லாமல் 15 செ.மீ. வந்தால் அது 50 விழுக்காடு இழுபடும் துணி. விட்ட பிறகு பழைய 10-க்கே திரும்புகிறதா என்பது அதைவிட முக்கியம். பத்தரையில் நின்றுவிட்டால், அந்த உடை சில நாளிலேயே முட்டியில் தொளதொளவென்று தொங்கும். நீளவாக்கிலும் இப்படியே பாருங்கள். கடைசியாக, இழுத்த நிலையிலேயே வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். விரல் தெரிந்தால் அந்தத் துணி லெக்கிங்ஸுக்கு ஆகாது.

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பருத்தி பனியன் துணிக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட ஏற்பதில்லை. யோகாவுக்கும் நடைக்கும் பருத்தி லைக்ரா போதும். நீண்ட தூர ஓட்டத்தில் அது வியர்வையில் ஊறிக் கனத்து, தொடையை உராய்ந்து புண்ணாக்கிவிடும்.

அடுத்தது மிஷின். 1960-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆன் பெர்சன் என்பவர் பின்னல் துணியை வீட்டு மிஷினில் இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையைக் கற்றுத்தரத் தொடங்கினார். ‘ஸ்ட்ரெச் அண்ட் சோ’ என்ற பெயரில் அது பெரிய வணிகமாகவே வளர்ந்தது. டீ-ஷர்ட்டுக்கு அந்த முறை சரி. உடலைக் கவ்வும் லெக்கிங்ஸுக்குப் போதாது. நேர்தையல் போட்ட கவட்டுத் தையல் ஆழமாக உட்கார்ந்த முதல் தடவையிலேயே படபடவென்று தெறித்துவிடும். ஜிக்ஜாக் தையலாவது வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் பழைய கால்மிதி மிஷின்கள் பெரும்பாலும் நேர்தையல் மட்டுமே போடுபவை. தெருமுனை டெய்லரிடம் ஓவர்லாக் அடித்துக்கொள்ளலாம் என்றால், அது மூன்று நூலா, நான்கு நூலா என்று கேட்க வேண்டும். மூன்று நூல் ஓரம் பிரியாமல் காக்கும். இரண்டு துண்டுகளை இணைத்து இழுவையைத் தாங்க நான்கு நூல் வேண்டும். ஊசியும் முனை உருண்டதாக இருக்க வேண்டும். கூர் ஊசி பின்னல் கண்ணிகளை அறுத்து ஓட்டை விடும்.

கடையில் கிடைக்காததும் கிடைக்கும் என்ற மூன்றாவது காரணத்துக்கு வரலாறே சாட்சி. 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஓட்டப் பழக்கமுள்ள லிசா லிண்டால், நாடக உடை வடிவமைப்பாளரான தோழி பாலி ஸ்மித், அவருடன் பணியாற்றிய ஹிண்டா மில்லர் மூவரும் ஆண் வீரர்கள் அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டைச் சேர்த்துத் தைத்து ‘ஜாக்பிரா’ என்ற ஸ்போர்ட்ஸ் பிராவின் முதல் மாதிரியை உருவாக்கினார்கள். சிட்னியில் அஹெதா சனெட்டி, தன் உறவுச் சிறுமி ஹிஜாபோடு நெட்பால் ஆடச் சிரமப்பட்டதைப் பார்த்து அதற்கேற்ற உடையை வடிவமைத்தார். உடலை மறைக்கும் நீச்சலுடையான புர்கினி அதிலிருந்து பிறந்தது. சந்தை கண்டுகொள்ளாத உடலையும் தேவையையும் தைப்பவர்தான் முதலில் கண்டுகொண்டார். முழங்காலைத் தாண்டும் ஷார்ட்ஸ், இடுப்பை மறைக்கும் ஓட்டச் சட்டை, சாவிக்கும் போனுக்கும் பக்கப் பை என்று இன்றும் பெண்கள் தேடி அலையும் பொருள்கள் உண்டு. இந்த வாதத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஆனாலும் ஜாக்பிராவின் கதையைக் காட்டி, ஸ்போர்ட்ஸ் பிராவையும் எளிதில் தைக்கலாம் என்பதை ஏற்க முடியாது. ஓடும்போது மார்பு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசைகிறது என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. அதைக் கட்டுப்படுத்த இழுபடும் துணி மட்டும் போதாது. இழுபடாத உள்துணி, அகலமான அடிப்பட்டை, தளராத தோள்பட்டை எல்லாம் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் வலி உடலுக்குத்தான். போட்டி நீச்சலுடையின் நிலையும் இதுவே. 2008-இல் வந்த ஸ்பீடோ எல்இசட்ஆர் உடையில் நூல் தையலே இல்லை. மீயொலியால் ஒட்டிய இணைப்புகள். அந்த வேலை வீட்டு மேசையில் நடக்காது.

என் தீர்ப்பு இது. லெக்கிங்ஸ், ஷார்ட்ஸ், தளர்வான சட்டை ஆகியவற்றைத் தையுங்கள். அளவு பொருந்தாமல் கடை கடையாக அலைந்தவர்கள் கட்டாயம் தையுங்கள். யோகாவுக்கும் நடைக்குமான பிராவைக் கைப்பழக்கம் வந்த பிறகு முயலலாம். ஓட்டத்துக்கான பிராவையும் போட்டி நீச்சலுடையையும் வாங்கிவிடுங்கள். முதல் லெக்கிங்ஸை விலை குறைந்த துணியில் தைத்து, அதை அணிந்து உட்கார்ந்து, குனிந்து, படியேறிப் பாருங்கள். ஆனால் அந்தத் துணியும் நல்ல துணி அளவுக்கே இழுபட வேண்டும். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். அதில் கண்ட குறைகளைப் பேட்டர்ன் தாளிலேயே திருத்திக் குறித்துவையுங்கள். அடுத்தடுத்துத் தைக்கும் ஒவ்வொன்றும் அந்தத் தாளிலிருந்தே உங்கள் அளவுக்கு வரும். வீட்டில் தைப்பதன் உண்மையான லாபம் அந்தத் திருத்திய தாள்தான்.