நாலு அங்குல கிரைண்டர்: பட்டறைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

ஆங்கிள் கிரைண்டரின் சிறிய வகைக்குப் பட்டறைப் பெயர் ஏஜி-4. சக்கரத்தின் விட்டம் 100 மி.மீ., நடுத்துளை 16 மி.மீ. இரும்பை அறுக்கும், வெல்டிங் மேட்டைச் சீராக்கும், துருவைச் சுரண்டும். 1960களில் திருவெறும்பூர் பக்கம் பெல் கொதிகலன் ஆலை வந்தபின், அதை நம்பித் துவாக்குடி தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. அங்கே நாள் முழுக்க இரைவது இந்த மிஷின்தான். வீட்டில் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அதே மிஷின் போதும். ஆனால் தேர்ந்தெடுக்கும் கணக்கு வேறு.

போஷ் ஜிடபிள்யூஎஸ் 600 சுமார் 670 வாட், டிவால்ட் டிடபிள்யூ801 850 வாட். மெல்லிய கட்டிங் வீலில் சதுரக் குழாயை அறுக்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தடித்த கிரைண்டிங் வீலை அழுத்தித் தேய்க்கும்போதுதான் சிறிய மோட்டார் திணறும். அப்படித் தேய்க்கும் வேலை வீட்டில் குறைவு என்பதால் 670 வாட்டே தாராளம். பெயர் தெரியாத பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பி வாங்குவது வீண். அது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு, ஆர்மேச்சரின் தரத்துக்குச் சான்று அல்ல.

கார்பன் பிரஷ் தேய்வது இயல்பு, அதை மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்து தீரும்முன் தானே மிஷினை நிறுத்தும் பிரஷ் இருந்தால் கம்யூட்டேட்டர் பிழைக்கும். எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அந்த மாடலுக்குப் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் உள்ளூரில் கிடைக்குமா என்பதை. பட்டறைக்காரர்கள் ஒரே மாடலை ஆண்டுக்கணக்கில் விடாமல் வாங்குவதற்கு இது பெரிய காரணம்.

சுவிட்சைக் கவனிக்காமல் வாங்குபவர்களே அதிகம். தள்ளிப் பூட்டும் சுவிட்ச் கைக்குச் சுகம்தான். கரண்ட் போனபோது அணைக்க மறந்தால், திரும்பி வந்ததும் மேஜைமேல் கிடக்கும் மிஷின் தானாகச் சுழன்று துள்ளும். இதைத் தடுக்கும் வசதியுள்ள மாடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடும் பேடில் சுவிட்சும் நல்லது.

அடுத்தது சக்கரத்தை மூடும் கார்டு. அதைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரம் மாட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வீட்டுக்குள் அது வரவே கூடாது. நிமிடத்துக்கு 11,000 சுழற்சியில் 100 மி.மீ. சக்கரத்தின் விளிம்பு நொடிக்குச் சுமார் 58 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சாதாரண ரெசின் சக்கரங்களின் உச்ச வரம்பு 80 மீட்டர். ஏழு அங்குலச் சக்கரத்தை இதில் ஓட்டினால் வேகம் 100ஐத் தாண்டும், சக்கரம் சிதறும். மரம் அறுக்கும் பல் பிளேடு இன்னொரு ஆபத்து. மரத்தில் சிக்கியதும் மிஷினையே கையிலிருந்து பிடுங்கும்.

சக்கரத்தின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் பெரும்பாலும் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ரெசின் ஈரத்தில் வலுவிழக்கும் என்பதால், தேதி கடந்ததையும் மழையில் நனைந்ததையும் மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது. புதுச் சக்கரத்தை மாட்டியதும், கண்ணாடி அணிந்து, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பார்த்த பிறகே இரும்பில் வைக்க வேண்டும்.