சொல்லும் பெண்களும் கேட்கும் நாமும்

வீட்டுத் துயரையும் மகப்பேற்றுக்குப் பின்வந்த மனச்சோர்வையும் முகநூலில் எழுதும் பெண்களைக் குறித்து நம் பங்குகளில் எழும் முதற்சொல் ‘நாணமில்லை’ என்பதே. மறையுரையில் நாமும் அதைச் சொல்லியதுண்டு. ஆனால் இப்பழி இணையத்தோடு பிறந்ததன்று.

1969-இல் அமெரிக்கப் பெண்ணியவாதி கேரல் ஹானிஷ் இதற்கு நிகரான ஒரு பழிக்கு விடையாகவே கட்டுரை ஒன்றை வரைந்தார். பெண்கள் சிறு குழுக்களாய்க் கூடித் தம் இல்வாழ்வைப் பேசியதை, இயக்கத் தோழர்கள் சிலர் வெறும் மனமருத்துவம் என எள்ளினர். பலர் கூற்றையும் ஒப்பிட்டு நோக்கும்போது, தன் குறை என ஒருத்தி கருதியிருந்தது அனைவர்க்கும் பொதுவான அநீதி எனத் தெரிகிறது. அதற்குத் தனியாள் தீர்வு இல்லை என்பதே அவர் வாதம். 1970-இல் ‘தனிப்பட்டது அரசியலே’ எனும் தலைப்பில் அது வெளிவந்தது. தலைப்பை இட்டவர்கள் தொகுப்பாசிரியர்கள். அத்தலைப்பைத் தாண்டிப் படித்தோர் சிலரே என்பது நம் ஐயம்.

அந்தரங்கத்தை எல்லாம் அம்பலமாக்குக என்று ஹானிஷ் கூறவில்லை. அக்கூடத்திற்குச் சுவர்கள் இருந்தன; கேட்டவரும் தம் முறை வந்தபோது சொன்னார். இணையத்திலோ, கேட்போர் பலர் தம்மைப் பற்றி வாய்திறப்பதில்லை. சொல்பவரின் துயருக்கு அருகே விளம்பரம் ஓடுகிறது. அதன் வருவாய் பெரும்பாலும் நிறுவனத்திற்கே. இதனைப் பெண்ணின் வேதனையையே சரக்காக்கும் சந்தை எனக் கண்டிக்கும் பெண்ணியவாதிகளும் உளர். எனினும், 2006-இல் தரானா பர்க் தொடங்கிய ‘மீ டூ’ இயக்கத்தின் பெயர் 2017 அக்டோபரில் இணையமெங்கும் பரவியபோது, ஹானிஷ் கண்ட அந்த ஒப்புநோக்கு சுவரில்லா வெளியிலும் நிகழ்ந்தது. அதை மறுப்பது நேர்மையன்று.

நமக்குள்ள தயக்கம் வேறு. தாய் எழுதும் கதையில் இடம்பெறும் குழந்தையின் இசைவை யார் பெற்றார்? இவ்வினாவைப் பெண்களிடம் மட்டும் எழுப்புவதும் முறையாகாது. புனித அகுஸ்தீனார் தம் இளமைக்கால இச்சைகளை ஒளிவின்றி எழுதினார். அதை நாணமின்மை என்னாமல் மனமாற்றம் என்றோம். 10 ஆண்டுகளுக்கு மேல் அவரோடு வாழ்ந்து, மகன் அதெயோதாத்துசை ஈன்ற பெண்ணுக்கு அந்நூலில் பெயரில்லை. மகனை விட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய அவர் பிரிவும் அகுஸ்தீனார் வாய்மொழியாகவே நம்மை வந்தடைந்தது. குருமடத்தில் அப்பக்கங்களைக் கற்ற நாள்களில், அப்பெண் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என நாம் வினவியதில்லை, கற்பித்தவரும் வினவவில்லை.