சாய்தளத்தோடு நின்றுவிடும் சமத்துவம்

வாசுதேவநல்லூர் போன்ற பேரூராட்சிகளில் அரசு அலுவலக வாசல் என்றால் படிக்கட்டும், அதை ஒட்டி ஒரு சாய்தளமும் என்று இன்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் இப்படி இல்லை. இந்த மாற்றத்தை வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்க முடியாது. ஆனால் சாய்தளம் கட்டியதுமே அலுவலகம் எல்லோருக்குமானதாகிவிட்டது என்று கணக்கை முடிக்கும் வழக்கம் சரியானதுதானா என்று பார்க்க வேண்டும்.

முதலில் நிறை. சாய்தளத்துக்கு மின்சாரம் தேவையில்லை. இயக்க ஆள் தேவையில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மட்டுமன்றி, வீட்டுவரி கட்ட வரும் முதியவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அது உதவுகிறது. அதன் பின்னால் சட்டமும் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்களைத் தடையற்றவையாக மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்தது.

குறை அளவிலேயே தொடங்குகிறது. பரிந்துரைக்கப்படும் சரிவு 1:12. வாசல் 45 செ.மீ. உயரமென்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். இடமில்லையென்று அதைப் பாதியாகச் சுருக்கினால், துணையாள் இல்லாமல் ஏறவே முடியாது. ஆய்வுப் படிவத்தில் மட்டும் ‘உண்டு’ என்று பதிவாகிவிடும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளியை மனு கொடுக்க வருபவராகவே இந்த வழக்கம் பார்க்கிறது. மனுவை வாங்கும் நாற்காலியில் அவரை நினைத்துப் பார்ப்பதில்லை. அதே சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு தருகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படிப் பணியில் இருப்பவருக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் நாளே தொடங்குகிறது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். இரண்டு பீரோக்களுக்கு நடுவே அது கிடைக்குமா? கோப்பு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதா? கழிப்பறைக் கதவு அகலமானதா? பார்வையற்ற உதவியாளரின் கணினியில் தமிழைப் படித்துக் காட்டும் மென்பொருள் உண்டா? காது கேளாதவருக்கு ஆய்வுக் கூட்டத்தில் பேசப்படுவது எப்படிப் போய்ச் சேரும்? இவற்றுக்குச் சாய்தளத்தில் பதில் இல்லை. வேலையில் நீடிக்கச் சட்டம் வழிசெய்தும் கட்டடம் வழிவிடாவிட்டால் அந்த உரிமை பாதியிலேயே நின்றுவிடும்.

ஊழியரின் பக்கத்திலிருந்து யோசித்த சட்டமும் நம்மிடம் உண்டு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் தமிழ்நாடு செய்த திருத்தம், ஜவுளிக்கடை, நகைக்கடை உள்ளிட்ட கடைகளின் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. கேரளத்தில் 2018இலேயே இது வந்துவிட்டது. அங்கே பெண் ஊழியர்களின் போராட்டம் அதற்கு முன்னோடியாக இருந்தது. நின்றே தேயும் கால்களின் வலியிலிருந்து பிறந்த விதி அது. அதிலும் குறை உண்டு. இருக்கையைப் போடச் சொல்லலாம். உட்கார்ந்தால் முதலாளியின் பார்வை மாறாது என்ற உறுதியைச் சட்டத்தால் மட்டும் தர இயலாது. ஆனாலும் யாருக்காக என்பதில் அதற்குக் குழப்பமில்லை.

விதிகளும் தெளிவாக இருந்தாக வேண்டும். 2024 நவம்பரில் ராஜீவ் ரதுரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதியை உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமானவற்றைத் தனியே வகுக்கவும் சொன்னது. அலுவலகம் அலுவலகமாகச் சாய்தளத்தை எண்ணும் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

2025இல் தமிழ்நாடு இன்னொரு படி முன்னேறியது: உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டம் இயற்றியது. பேரூராட்சிக் கூட்ட அறைக்கு அவர்கள் மனுதாரராக அல்ல, உறுப்பினராக வருவார்கள். கூட்டம் மாடியில் நடந்தால், தீர்மான நகல் சிறிய எழுத்தில் இருந்தால், அது இனி மன்றத்தின் சொந்தச் சிக்கல்.

எனவே அலுவலகத்தை மதிப்பிடும் கேள்வியையே மாற்ற வேண்டும். ‘உள்ளே வர முடிகிறதா?’ என்பதோடு, ‘காலை முதல் மாலை வரை இங்கே யார் துணையுமின்றி வேலை பார்க்க முடிகிறதா?’ என்றும் கேட்க வேண்டும். இதற்குப் பதில் சொல்லும் தகுதி பொறியாளரைவிட அங்கே பணிபுரியும் ஊழியருக்கே அதிகம். வரைபடம் போடும்போதே அவரைக் கேட்டுவிட்டால், கட்டிய பின் இடித்துக் கட்டும் செலவும் மிச்சமாகும்.